பதினோரு கதவில் சாக்பீஸ் கோடு

எங்கள் அமைப்பின் தாள்களில் அவள் பதவி 'களப்பணியாளர்'. தெருக்களில் அவள் பெயர் சாக்பீஸ் அக்கா. அலுவலகத்தில், அவள் காதுக்கு எட்டாத தூரத்தில், ரவுடி. மூன்றுமே அவளுக்குப் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். ஒன்பது வருஷமாக அவளோடு ஒரே வேனில் சுற்றுகிறவள் நான். இதைச் சொல்ல எனக்கு இல்லாத உரிமையா?

நான் நர்ஸ். பழைய பஸ் ஒன்றை வாங்கி, சீட்டுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஒரு பரிசோதனை மேஜை, ஒரு விளக்கு, கைகழுவ ஒரு தொட்டி, நடுவில் ஒரு திரை என்று மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அதைத்தான் வேன் என்கிறோம். அதில் பெண்களின் கர்ப்பப்பை வாயைப் பார்ப்பது என் வேலை. புளித்த வாடை அடிக்கும் ஒரு மருந்து நீரைப் பஞ்சில் தொட்டு வைத்துவிட்டு ஒரு நிமிஷம் காத்திருப்பேன். வெள்ளையாக ஒரு திட்டு எழும்பினால், பின்னாளில் புற்றுநோயாகக் கூடிய இடம் அது. அந்தக் கட்டத்திலேயே சூட்டுக் கருவியால் கருக்கிவிட்டால் தொல்லை விட்டது. அதுவும் ஒரு நிமிஷ வேலைதான். விட்டுவைத்தால் சில வருஷத்தில் ஆளைக் கொண்டுபோய்விடும். என் பங்கு இவ்வளவுதான், சுலபம். பெண்களை வீட்டிலிருந்து வேன் வரைக்கும் நடத்திக் கூட்டி வருவதுதான் உயிர் போகிற வேலை. அது அக்காவுடையது.

ஆள் நல்ல உயரம். முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். உடைத்தவன் அவள் கணவன். பதினேழு வருஷம் அடித்தான். பிறகு ஓயாமல் புகையிலை மென்றதில் அவன் வாயில் புற்று வந்து, தாடை அழுகி, எட்டு மாசம் படுக்கையில் கிடந்தான். குழாய் வழியாக அவனுக்குக் கஞ்சி ஊற்றியவள் இவள்தான். ஊற்றி முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தன்னை அடித்த நாட்களில் ஒன்றை ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் விவரமாகச் சொல்வாளாம். அவனால் வாயைத் திறக்க முடியாது, கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"பாவமா இல்லையாக்கா?" என்று ஒரு முறை கேட்டேன்.

"இருந்துது சிஸ்டர். அதனாலதான் ஒரு நாளைக்கு ஒண்ணோட நிறுத்திக்கிட்டேன்" என்றாள்.

அவன் செத்த மறு மாசம் எங்களிடம் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த இரண்டாம் வருஷத்துக்குள், நோட்டீஸ் கொடுத்த எங்கள் பெண்ணைப் பிடித்துத் தள்ளிய ஒருத்தனுக்குக் கன்னத்தில் ஒன்றும், வேனுக்குள் எட்டிப் பார்த்த ஒருத்தனுக்கு முதுகில் இரண்டும் கொடுத்தாள். செயலாளர் கூப்பிட்டு, 'இனி யார் மீதும் கை ஓங்க மாட்டேன், ஓங்கினால் வேலையை விட்டு நின்றுகொள்கிறேன்' என்று எழுதி வாங்கிக்கொண்டார். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, கை அரிக்கிறது என்று என்னிடம் புலம்பினாள்.

மார்க்கெட்டின் பின்பக்கத் தெருவுக்கு நாங்கள் போனது ஒரு திங்கட்கிழமை. மூட்டை தூக்குகிறவர்களின் தெரு. ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஓட்டு வீடுகள், ஒன்றுக்கும் எண் கிடையாது. ஆண்கள் எல்லோரும் இடுப்பில் ஒரு இரும்புக் கொக்கி செருகியிருப்பார்கள், மூட்டையைக் குத்தி இழுக்க. அவர்களுக்குத் தலைவன் மாதிரி ஒருத்தன். அவனையே கொக்கி என்றுதான் கூப்பிட்டார்கள்.

அன்றைக்கு நாற்பத்திரண்டு பெண்கள் வந்தார்கள். அக்கா இரண்டு நாள் முன்பே வீடு வீடாகப் போய் உயிரை வாங்கியிருந்தாள். பதினோரு பேருக்கு வெள்ளைத் திட்டு. அதில் பெரிய திட்டு கொக்கியின் மனைவிக்கு. முப்பத்து நாலு வயது, இரண்டு பெண் குழந்தைகள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆஸ்பத்திரியில் இதையே சொல்லி சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவன் அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டிருக்கிறான். கருவியின் முனை மூடுகிற அளவுக்குத்தான் எங்களால் சூடு வைக்க முடியும். அவளுடைய திட்டு அந்த அளவின் விளிம்புக்கு வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் பரவினால் பெரிய ஆஸ்பத்திரியும் அறுவையும்தான். அங்கே அவளை யார் கூட்டிப் போவது?

கருவி எங்கள் அமைப்பின் மூன்று வேனுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. வியாழக்கிழமை எங்கள் கைக்கு வரும். வெள்ளிக்கிழமை கிளம்பிப் போனால் திரும்ப ஆறு மாசம். ஆகவே பதினோரு பேரும் வியாழன் வந்தாக வேண்டும்.

இங்கேதான் அக்கா தப்புச் செய்தாள். அந்தத் தப்பை எங்களைப் போன்றவர்கள்தான் செய்வார்கள். குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கிற வேலையில் அவள் முன்பு இருந்தவள். அதில் வீட்டுக் கதவில் சாக்பீஸால் குறி போடுவது வழக்கம். கொடுத்தாச்சு என்றால் ஒரு குறி, திரும்ப வரணும் என்றால் வேறு குறி. யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அதே பழக்கத்தில் எங்கள் வேலையிலும் போட்டுக்கொண்டிருந்தாள். பரிசோதனை முடிந்த வீட்டுக்கு ஒரு டிக். வியாழன் வரவேண்டிய வீட்டுக்குப் பெருக்கல் குறி. எண் இல்லாத தெருவில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த எங்கள் பெண்களுக்கு வீடு தெரிய வேண்டுமே! அன்று மாலை பதினோரு கதவில் பெருக்கல் குறி போட்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

தெருவுக்கு உறைத்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் டீக்கடையில் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிட்டார்கள், பெருக்கல் குறி யாருக்கு என்று. நாங்கள் கொடுத்த நோட்டீஸை ஒருத்தன் உரக்கப் படித்தானாம். இது ஒரு கிருமியால் வருவது, உடலுறவு மூலம் பரவுவது என்று அதில் இருந்தது. எழுதிக் கொடுத்தவளே நான்தான். அந்தக் கிருமி பத்துப் பதினைந்து வருஷம் சத்தமில்லாமல் உள்ளே கிடக்கும், யாரிடமிருந்து எப்போது வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது, கட்டின புருஷனிடமிருந்தே வந்திருக்கலாம் என்பதும் அடுத்த வரியில் இருந்தது. அடுத்த வரி வரைக்கும் யார் படித்தார்கள்?

புதன்கிழமை காலை, நாளைக்கு வரச் சொல்லி நினைவுபடுத்துவதற்காக அக்கா சிரித்த முகத்தோடு தெருவுக்குள் நுழைந்தாள். முதல் கதவில் குறியைத் தேய்த்த தேய்ப்பில் மரம் வெளுத்திருந்தது. திறந்த பெண்ணுக்கு ஒரு கண் தெரியவே இல்லை, வீங்கி மூடியிருந்தது. இரண்டாவது வீட்டில் கதவே இல்லை, உதைத்துப் பெயர்த்துப் போட்டிருந்தான். நாலாவது வீட்டுக்காரிக்குத் தலைமுடியைப் பாதியில் வெட்டியிருந்தார்கள், வெட்டியது மாமியார். ஏழாவது வீட்டில் பல் இரண்டு போயிருந்தது. "எங்கதவுல ஏன்க்கா போட்டீங்க? நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?" என்று அவள் கேட்டாள். கடைசி வீடு கொக்கியுடையது. வெளியே பூட்டு. உள்ளேயிருந்து முனகல்.

வேனுக்குத் திரும்பி வந்தபோது அக்காவின் முகத்தை நான் பார்த்தேன். அவள் அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் அழவில்லை. சாக்பீஸ் டப்பாவைத் தரையில் கொட்டி, ஒவ்வொன்றாகச் செருப்புக் காலால் நசுக்கினாள்.

"பதினேழு வருஷம் ஒருத்தன்கிட்ட அடி வாங்கினவ நான். ஒரே நாள்ல பதினோரு பேருக்கு அடி வாங்கிக் குடுத்திருக்கேன்" என்றாள்.

செயலாளர் கேட்டதும் கையை உதறினார். "அந்தத் தெருவே வேண்டாம். வேன் உடைஞ்சா யார் பதில் சொல்றது?"

"வேன் போகலேன்னா நானே தள்ளிக்கிட்டுப் போவேன் சார்."

"ஏற்கெனவே நீங்க பண்ணினது போதாதா?"

"போதாது. பாதியில நிக்குது."

அரை மணி நேரம் இழுபறி. கடைசியில், வேன் தெருவுக்குள் போகாமல் முனையில் நிற்பது, சரியாக நாலு மணிக்குக் கிளம்பிவிடுவது, அக்கா யார் மீதும் கை வைக்காமலிருப்பது என்று முடிவாயிற்று. கடைசி நிபந்தனையை அவர் இரண்டு முறை சொன்னார்.

வியாழன் காலை ஒன்பது மணிக்கு அக்கா முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள். அந்த மனிதன் வந்து நின்றதும் சொன்னாள்: "தம்பி, இந்தக் கதவுல கோடு போட்டது நான். உன் பொண்டாட்டி இல்ல. கோபம் இன்னும் மிச்சம் இருந்தா இங்க நிக்கிறேன், அடி. திருப்பி அடிக்க மாட்டேன். அடிச்சு முடிச்சுட்டு அவளை வேனுக்கு அனுப்பு."

அவன் விழித்தான். உள்ளே போய்விட்டான். மனைவி முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டு பின்வாசல் வழியாக வேனுக்கு வந்தாள்.

இப்படிப் பத்து வீடு. எல்லோரும் விழித்துக்கொண்டு நிற்கவில்லை. ஒருத்தன் முகத்தில் துப்பினான். துடைத்துக்கொண்டு நின்றாள். முடியை வெட்டிய மாமியார் செருப்பைக் கழற்றி நாலு போட்டாள். ஐந்தாவது வீட்டுக்காரன் விட்ட அறையில் உதடு கிழிந்து இரத்தம் தாடையில் வழிந்தது. "முடிஞ்சுதா தம்பி? இன்னும் இருக்கா?" என்று கேட்டிருக்கிறாள். அவன் படியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டானாம். மூன்று பேர் கதவைத் திறக்கவே இல்லை. மதியம் மூன்று மணிக்குள் ஏழு பெண்களுக்குச் சூடு வைத்து முடித்தேன். வந்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் வேனின் நிழலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். மூன்று மணிக்கு அக்கா வந்து, "கடைசி வீடு. நீங்களும் வாங்க சிஸ்டர், சாட்சிக்கு" என்றாள். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனேன்.

கொக்கியின் வீட்டில் அதே பூட்டு. அக்கா கதவைத் தட்டி, "தங்கச்சி, நான்தான் வந்திருக்கேன்" என்றாள். உள்ளிருந்து பதில் வருவதற்குள் அவனே வந்துவிட்டான், பின்னால் நாலு பேரோடு. தோளில் மூட்டைத் தூசி அப்படியே இருந்தது.

அக்கா தான் மனப்பாடம் செய்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். "தம்பி, கோடு போட்டது..."

முடிக்க விடவில்லை. இடுப்பிலிருந்து கொக்கியை உருவி வீசினான். அக்கா முகத்தைக் காக்கக் கையை உயர்த்தினாள். முழங்கைக்குக் கீழே இறங்கிய முனை மணிக்கட்டு வரைக்கும் சதையைக் கிழித்துக்கொண்டு வந்தது. இரத்தம் என் முகத்தில் தெறித்தது. அவள் கத்தவில்லை. "ஒண்ணு" என்றாள். "இன்னும் இருக்கா?"

அவன் அவள் வயிற்றில் உதைத்தான். சுவரில் மோதி விழுந்து எழுந்தாள். மறுபடி உதைத்தான். மறுபடி எழுந்தாள். பின்னால் வந்தவர்களில் ஒருத்தன், "போதும் விடுண்ணா, செத்துடப் போறா" என்றான். அப்போது உள்ளேயிருந்து குரல் கேட்டது. "அக்காவ விடுங்க! அடிக்கணும்னா என்னை அடிங்க!"

அவன் பூட்டைத் திறந்து சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, மனைவியின் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தான். அந்த மணிக்கட்டு ஏற்கெனவே உடைந்திருந்தது. அவள் போட்ட அலறலை நான் இன்றைக்கும் கேட்கிறேன்.

அந்த அலறலில் அக்காவுக்கு எல்லாம் மறந்துபோயிற்று என்றுதான் நினைத்தேன். மறக்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, காளை மாதிரி ஓடிப்போய் அவன் மூக்கில் முட்டினாள். தேங்காய் உடைகிற சத்தம். கொக்கி மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவள் நெற்றி முழுக்க அவனுடைய இரத்தம்.

"கை ஓங்கக் கூடாதுன்னுதானே எழுதி வாங்கினாங்க? தலையப் பத்தி ஒண்ணும் எழுதலையே" என்று என்னைப் பார்த்து மூச்சு வாங்கினாள். எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷமாகவும் இருந்தது.

அந்தப் பெண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடினோம். நூறு அடி தூரம்தான். முதல் கல் என் முதுகில் விழுந்தது. வேனுக்குள் ஏறி டிரைவர் அண்ணன் கதவைச் சாத்துவதற்குள் கண்ணாடி ஒன்று உடைந்தது. கிளம்பலாம் என்றால், இரண்டு கைவண்டிகளைக் கொண்டுவந்து முன்னால் குறுக்கே நிறுத்திவிட்டார்கள். டிரைவர் போலீசுக்குப் போன் செய்தார். வருகிறோம் என்றார்கள், எப்போது என்று சொல்லவில்லை.

அக்காவின் கையில் துணியை இறுக்கிக் கட்டினேன். அந்தப் பெண்ணின் மணிக்கட்டுக்கு இரண்டு அட்டையை வைத்துக் கட்டினேன். கருவியை எடுத்தேன். மணி மூன்று இருபது. அவளோ மேஜையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள். வேனின் தகரத்தில் கல் விழ விழ அவள் உடம்பு தூக்கிப் போட்டது.

"இது வேணாம் சிஸ்டர். இதுல படுத்ததுனாலதான் எல்லாம்" என்றாள். பிறகு அக்காவிடம் திரும்பினாள். "நீங்க படுத்திருக்கீங்களாக்கா இதுல?"

இதையே நானும் ஒன்பது வருஷமாகக் கேட்டிருக்கிறேன். ஆயிரக்கணக்கான பெண்களை அந்த மேஜைக்குத் தள்ளிக்கொண்டு வந்தவள், தான் ஒரு நாள்கூட அதில் ஏறியதில்லை. "அப்புறம் பாக்கலாம் சிஸ்டர்" என்பாள். நானும் விட்டுவிடுவேன்.

"இல்ல" என்றாள் அக்கா. "பயம்."

சொல்லிவிட்டு ஏறிப் படுத்துக்கொண்டாள். கிழிந்த கையை மார்பில் வைத்துக்கொண்டு, "பாருங்க சிஸ்டர். அவளும் பாக்கட்டும்" என்றாள்.

தொடையின் உள்பக்கத்தில் வட்ட வட்டமாகச் சூட்டுத் தழும்புகள். எண்ணவில்லை, நிறைய. உள்ளே கிழிந்து தாறுமாறாக ஆறிய பழைய காயங்கள். பதினாறு வருஷ நர்ஸ் வேலையில் இப்படி ஒரு உடம்பை நான் பார்த்ததில்லை. மருந்து நீரை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். பின்கண்ணாடியும் உடைந்தது. அந்தப் பெண் தன் வலியை மறந்து அக்காவின் தழும்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிஷம் ஆயிற்று. வெள்ளை எழும்பவில்லை. சந்தேகத்துக்கு இன்னும் ஒரு நிமிஷம் பார்த்தேன்.

"உனக்கு ஒண்ணுமில்லக்கா. சுத்தமா இருக்கு."

"ஒண்ணுமே இல்லையா?"

"இல்லக்கா."

"அவன் எதையும் விட்டு வெச்சிருக்க மாட்டான்னு நெனச்சேன் சிஸ்டர்" என்றாள். பிறகு, நான் ஒருபோதும் பார்க்காத விதமாக, வாயைத் திறந்து ஓவென்று அழுதாள்.

அந்தப் பெண் அக்காவைக் கைகொடுத்து இறக்கிவிட்டு, தானே மேஜையில் ஏறினாள். திட்டு கருவியின் முனைக்கு மயிரிழையில் அடங்கியது. "அடிவயிறு இழுத்துப் பிடிக்கும், பொறுத்துக்கோ" என்றேன். அக்கா தன் நல்ல கையை அவளிடம் கொடுத்தாள். யாரோ வேனைப் பிடித்து உலுக்கினார்கள். நான் முழங்காலை மேஜைக்கு முட்டுக் கொடுத்து, கை அசையாமல் வைத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து அறுபது வரைக்கும் உரக்க எண்ணினேன். அவள் அக்காவின் கையைக் கடித்துக்கொண்டிருந்தாள். அறுபது என்றதும் எடுத்தேன்.

வெளியே கல் சத்தம் நின்றிருந்தது. எட்டிப் பார்த்தேன். நிழலில் உட்கார்ந்திருந்த ஏழு பெண்களும் சேர்ந்து கைவண்டிகளைப் புரட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். முடி வெட்டப்பட்டவள் ஒரு கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு ஆண்களுக்கு எதிரே நின்றாள். யாரிடமிருந்து பிடுங்கினாள் என்று தெரியவில்லை. அவளைத் தாண்ட ஒருத்தனும் வரவில்லை.

"மணி என்ன சிஸ்டர்?" என்று மேஜையிலிருந்து அந்தப் பெண் கேட்டாள்.

"மூணே முக்கால்."

"நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விடும். வண்டி அங்க போகுமா?"

டிரைவர் அண்ணன் வண்டியைக் கிளப்பினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி அடித்துக்கொண்டிருந்தது. அக்கா இறங்கிப் போய், இரத்தம் காய்ந்த முகத்தோடு வாசலில் நின்று, அவளுடைய இரண்டு பெண் குழந்தைகளையும் கூட்டி வந்தாள். சின்னவள் உடைந்த கண்ணாடியை வேடிக்கை பார்த்தாள். பெரியவளுக்கு ஒன்பது வயது இருக்கும். அம்மாவின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.

"இந்தத் தடவை எத்தனை நாளைக்கு வீட்ட விட்டுப் போறோம்மா?" என்றாள்.

"சிஸ்டர் ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாக்கணும்னு சொல்லியிருக்காங்க கண்ணு. அதுக்கு நான் உயிரோட இருக்கணும்" என்றாள் அம்மா.

டிரைவர் எந்தப் பக்கம் என்று கேட்டார். அக்கா தன் வீட்டுக்கு வழி சொன்னாள்.